தாளம் அக்காவின் பணிப்பதிவேட்டில் பிழையாக நிற்கும் ஒரு வரி

அசையறிந்து அடிவைத்த அன்புருவே! ஓசையறிந்து ஒலிதந்த உயர்குணமே! பிழையைக் கண்டால் பின்வாங்காத பெருந்தகையே! முப்பத்தோராண்டு மூன்றாம் மாடியில் முதுகு நிமிராமல் உழைத்து, மூக்குக் கண்ணாடியை நான்கு முறை மாற்றி, முகத்தை ஒருமுறையும் மாற்றாத முதுபெரும் மெய்ப்பாளரே! சிவப்பு மையைச் சிக்கனமாகவும் சிரிப்பைச் சரளமாகவும் செலவிட்ட எங்கள் தாளம் அக்காவே! வணக்கம், வணக்கம், பலமுறை வணக்கம்!

இந்த மடலை எழுதும் பொறுப்பை விழாக்குழு என்னிடம் ஒப்படைத்தது. புத்தகம் கட்டும் பிரிவிலிருந்து மெய்ப்புப் பிரிவுக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியும் இன்னும் 'பைண்டர்' என்றே அழைக்கப்படும் என்னிடம்! நிபந்தனைகள் மூன்று: தமிழ் தூய தமிழாக இருக்க வேண்டும், அரைமணிக்குள் முடிய வேண்டும், யாரையும் அழவைக்கக் கூடாது. முதலிரண்டுக்கும் முடிந்தவரை முயல்கிறேன். மூன்றாவதற்கு நான் பொறுப்பல்ல.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பாராட்டு மடல்தான், அதில் ஐயமில்லை. ஆனால் இதற்குள் ஒரு வாக்குமூலமும் இருக்கிறது. அக்காவின் பணிப்பதிவேட்டில் பதினான்கு ஆண்டுகளாக ஒரு வரி நிற்கிறது. அந்த வரி தவறு. இன்று மாலை ஐந்தரைக்கு அவரது பணிவிடுவிப்பு ஆணையில் மேலாளர் கையெழுத்திட்டதும் பதிவேடு மூடப்படும். மூடிய பதிவேட்டைத் திருத்த விதியில்லை. அதற்கு முன் திருத்த வேண்டுமானால், உண்மையில் தவறு செய்தவர் தன் கைப்பட எழுதித் தர வேண்டும். தவறு செய்தவர்தான் இப்போது உங்கள் முன்னால் நின்று இதை வாசித்துக்கொண்டிருக்கிறார். முதலில் அக்காவுக்கு உரிய புகழைச் சொல்லி முடிக்கிறேன். அதற்கப்புறம் அந்த வரிக்கு வருகிறேன்.

ஆற்றலின் அணிகலனே! கடல்கடந்த பதிப்பகம் ஒன்று தன் பள்ளிப் பாடநூல்களை நம் அச்சகத்தில் அச்சிட அனுப்பியபோது, ஸ்பானிய மொழி என்றால் என்னவென்றே இங்கே எவருக்கும் தெரியாது. தெரியும் என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்த இருவரும் மூன்றே மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். அப்போது தமிழ் மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்த தாங்கள் ஓர் அகராதியும் ஒரு ஒலிநாடாப் பெட்டியும் வாங்கிக்கொண்டு, மதிய உணவு இடைவேளையில் சன்னலோரம் அமர்ந்து, யாரும் கேட்காமலே அந்த மொழியின் அசைகளைப் பிரிக்கக் கற்றீர்கள். "அசைதானே! நேர் நேர் தேமா படிச்ச நமக்கு இதெல்லாம் பெரிய வித்தையா?" என்று தாங்கள் கேட்டதைக் கேட்டவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். பள்ளியில் தேமா, புளிமா என்று பாடிவிட்டுத் தேர்வு முடிந்ததும் மறந்தவர்கள் நாங்கள். அந்தப் பாடம் என்றாவது ஒருநாள் சோறு போடும் என்று கண்டவர் தாங்கள் ஒருவரே.

பிரிப்பது கூடச் சுலபம், ஓங்குவதுதான் கடினம். தமிழ் நாக்கு எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு சோறு போடும் தாய் மாதிரி, எல்லா அசைக்கும் ஒரே அழுத்தம் கொடுக்கும். அந்த மொழியிலோ ஒவ்வொரு சொல்லிலும் ஓர் அசை மட்டும் ஓங்கி ஒலிக்கும். அதற்காகத் தாங்கள் கண்டுபிடித்த வழியே மேசைத் தாளம். ஒவ்வோர் அசைக்கும் ஒரு விரல் தட்டு, ஓங்கும் அசைக்கு உள்ளங்கை அடி! 'பென்-தா-னா' என்றால் சன்னல்: விரல், கை, விரல். 'பெர்-தாத்' என்றால் உண்மை: விரல், கை. 'மே-சா' என்றால் மேசை: கை, விரல். "பாத்தீங்களா, நம்ம மேசைக்கு அது பங்காளி முறை. சொந்தக்காரன அடிக்கிறோம், கொஞ்சம் மெதுவா அடிங்க," என்று தாங்கள் சொன்னதும் அறையே சிரித்தது.

இலக்கண நூலில் நாற்பது பக்கம் நீளும் விதியைத் தாங்கள் நான்கு வாக்கியத்தில் சொன்னீர்கள். "கடைசி எழுத்தப் பாரு. உயிரோ, ன்-னோ, ஸ்-ஸோ வந்தா, கடைசிக்கு முந்தின அசையில கைய ஓங்கு. வேற மெய் வந்தா கடைசி அசையிலயே ஓங்கு. இந்த ரெண்டுக்கும் அடங்காத சண்டிக்கு அவங்களே தலையில ஒரு சாஞ்ச குச்சி வச்சிருப்பாங்க, குச்சி இருக்கிற இடத்துல ஓங்கு." உயிரெழுத்துகளின் உறவுமுறையையும் அப்படியே விளக்கினீர்கள். "ஆ, ஏ, ஓ மூணும் பெரிய மனுஷங்க, ஒரே பெஞ்சுல ரெண்டு பேர் உக்கார மாட்டாங்க. அதான் 'தே-ஆ-த்ரோ'ன்னு தனித்தனியா பிரியுது. ஈ-யும் ஊ-வும் அனுசரிச்சுப் போறவங்க, பக்கத்துல இருக்கிறவங்களோட ஒட்டிக்குவாங்க. அதனால 'புவெர்-தா'வுக்கு ரெண்டே தட்டு. ஆனா ஈ தலையில குச்சி ஏறிடுச்சுன்னா அவனுக்கும் ரோஷம் வந்துடும், தனிக்குடித்தனம் போயிடுவான். 'தீ-ஆ' அப்படித்தான்." இன்றுவரை அந்த மொழியில் பேசி ஒரு குவளைத் தண்ணீர் வாங்க எங்களில் எவருக்கும் தெரியாது. ஆனால் 'புவெர்-தா' என்ற கதவு, 'பென்-தா-னா' என்ற சன்னல், 'தீ-ஆ' என்ற நாள், 'தே-ஆ-த்ரோ' என்ற நாடகம் எதைக் கொடுத்தாலும் எங்கே பிரியும், எங்கே ஓங்கும் என்று அரைத் தூக்கத்திலும் தட்டிக் காட்டுவோம்.

வரியின் ஓரத்தில் இடம் போதாமல் ஒரு சொல்லை உடைத்து அடுத்த வரிக்கு அனுப்பும்போது தாங்கள் காட்டிய கண்டிப்பையும் சொல்ல வேண்டும். தையற்காரர் ஒருவரின் துணைவியார் அல்லவா! "தையல் எங்க இருக்கோ அங்க பிரி. துணியக் கிழிச்சிடாத," என்பதே தங்கள் கட்டளை. அந்தத் தையற்காரர், எங்கள் மாமா, இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார். நேற்று அவரிடம் அக்காவைப் பற்றி ஏதாவது சொல்லச் சொன்னேன். "என்னத்தச் சொல்றது? வீட்டுலயும் மேசையத் தட்டிக்கிட்டேதான் இருப்பா. யாரோ கதவத் தட்டுறாங்கன்னு முப்பது வருஷமா நான் எந்திரிச்சுப் போய்ப் பாத்துட்டு வரேன்," என்றார். மாமா, இனிமேல் அவர் முழுநேரமும் வீட்டில்தான் இருப்பார். கதவைத் திறந்தே வைத்துவிடுங்கள்!

தங்கள் பணி ஆண்டுகள் முப்பத்தொன்று, மாதங்கள் நான்கு. பார்த்த பாடநூல்கள் நூற்றுத் தொண்ணூற்றாறு. இவற்றில் மறுபதிப்புக்கு வந்தபோதும் ஒரு பிழை திருத்தம்கூட இல்லாதவை நூற்று எண்பது. இந்த விவரங்களெல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பத்து நாளைக்கு முன் அலுவலகத்தில் தங்கள் பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். அதில்தான் அந்த வரியைப் படித்தேன்.

அக்கா, இனிமேல் இந்த மடலில் 'தாங்கள்' வராது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அடுத்ததை என்னால் சொல்ல முடியாது.

விருந்தினர்களுக்காக எங்கள் வேலைமுறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு நூலுக்கும் எங்கள் அறையில் இரண்டு அச்சுப்படிகள் இருக்கும். ஒன்று தட்டுப்படி. ஒருவர் உரக்க வாசித்து மேசையில் தட்ட, மற்றவர் ஒவ்வொரு சொல்லிலும் கை ஓங்கும் இடத்தில் பென்சிலால் ஒரு சின்னச் சாய்கோடு போடுவார். அது எங்கள் உபயோகத்துக்கு மட்டும். மற்றது சுத்தப்படி. உண்மையான திருத்தங்களை மட்டும் சிவப்பு மையில் எழுதிக் கீழ்த்தளத்தில் எழுத்துக் கோக்கும் கம்போசிங் பிரிவுக்கு அனுப்புவோம். குழப்பம் வராமலிருக்க, தட்டுப்படியைக் கட்ட வெள்ளை நூல், சுத்தப்படியைக் கட்ட நீல நூல். இதை ஏற்படுத்தியவரும் அக்காதான்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி. இரண்டாம் வகுப்பு வாசிப்பு நூல், இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். நீங்கள் சுத்தப்படியைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து, அனுப்பும் சீட்டில் கையெழுத்திட்டு, சீட்டை நீல நூலுக்கடியில் செருகிவிட்டு, கை கழுவப் போனீர்கள். இரண்டு கட்டும் மேசை மேல் இருந்தன. நான் அந்த அறைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. கட்டுகளைப் பார்த்தேன். தாள்களின் ஓரங்கள் ஏறியும் இறங்கியும் கிடந்தன. முடிச்சு என்ற பெயரில் ஏதோ ஒன்று போட்டிருந்தது. இருபது வருடம் புத்தகம் கட்டிய கை சும்மா இருக்குமா? "இதெல்லாம் ஒரு கட்டா? நாம கட்டிக் காட்டுவோம்," என்று இரண்டையும் அவிழ்த்தேன். நாலு பக்கமும் மேசையில் தட்டி ஓரம் சமன் செய்தேன். பைண்டர் முடிச்சு, இரட்டைச் சுற்று, அழகாகப் போட்டேன். ஓரத்தைப் பார்த்தேனே தவிர உள்ளே இருப்பதைப் பார்க்கவில்லை. நீல நூல் தட்டுப்படிக்குப் போனது. உங்கள் கையெழுத்துச் சீட்டை நீல நூலுக்கடியிலேயே பத்திரமாகத் திருப்பிச் செருகினேன். கட்டு கீழே போனது. என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கம்போசிங் பிரிவுக்கு அந்த மொழி தெரியாது. படியில் இருப்பதைப் போடுவது அவர்கள் வேலை. பென்சில் கோடுகள் அத்தனையையும் சிரத்தையாகப் போட்டுவிட்டார்கள். ஐயாயிரம் பிரதி அச்சாகிக் கப்பலேறியது. அசையும் அழுத்தமும் கற்க வேண்டிய ஏழு வயதுப் பிள்ளைகளின் புத்தகத்தில், குச்சியே தேவையில்லாத சொல்லுக்கெல்லாம் குச்சி. அன்றைய மேலாளர் அதைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஓடிவந்தார். "என்னம்மா இது! ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையில கொம்பு முளைச்சிருக்கு!" என்று அவர் கத்தினது வாசல்வரை கேட்டிருக்கும்.

நீங்கள் புத்தகத்தை வாங்கிப் புரட்டினீர்கள். பழைய தட்டுப்படிகளைப் போட்டு வைக்கும் தகரப் பெட்டியைத் திறந்தீர்கள், வெள்ளை நூல் கட்டு ஒன்றை வெளியே எடுத்துப் பார்த்தீர்கள், அவிழ்க்காமலே திரும்ப வைத்தீர்கள். நான் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. "அக்கா, நான்தான்," என்று சொல்ல வாயைத் திறந்தேன். நீங்கள் மேலாளரோடு கீழே இறங்கிப் போய்விட்டீர்கள்.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் சனிக்கிழமை, விடுமுறை. திங்கட்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். திங்கட்கிழமை நீங்கள் வழக்கம்போல வந்து, "பைண்டர், நாப்பத்தி மூணாம் பக்கத்துலேர்ந்து வாசிங்க," என்றீர்கள். நீங்கள் திட்டு வாங்கியதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பதிவேட்டில் எழுதினார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பது பாதி உண்மை. கேட்கவில்லை என்பதுதான் முழு உண்மை. இரண்டு மாதம் கழித்துத் தலைமை மெய்ப்பாளர் பதவிக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். துணைத் தலைமை மெய்ப்பாளரான உங்கள் பதவிப் பெயரில் அந்தத் 'துணை' அப்படியே நின்றது. "அக்காவுக்கு ஏன் குடுக்கல?" என்று எல்லோரும் தேநீர்க் கடையில் பேசியபோது நானும் கூட நின்று, "என்ன அநியாயம்!" என்று சொன்னேன். அதைச் சொன்ன வாயை இன்றைக்கு நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பத்து நாளைக்கு முன் நான் படித்த வரி இது: "சுத்தப்படியில் பென்சில் குறிகளை அழிக்காமல் அச்சுக்கு அனுப்பியது இவரது கவனக்குறைவு. தலைமைப் பொறுப்புக்குப் பரிந்துரைக்க இயலாது." அதற்குக் கீழே உங்கள் விளக்கக் கடிதத்தை இணைத்திருந்தார்கள். விளக்கமா அது? மூன்றே வாக்கியம். "கட்டு என் மேசையிலிருந்து போனது. சீட்டில் உள்ள கையெழுத்து என்னுடையது. இது தொடர்பாக வேறு யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை."

வேறு யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை! யாரும் கேட்காதபோது அதை ஏன் எழுதினீர்கள், அக்கா? அன்று மாலையே பழைய பொருள் அறைக்குப் போனேன். ஒரு வருடம் ஆன தட்டுப்படிகளை நீங்களே கிழித்துக் கழிவுத்தாளுக்குப் போடுவது வழக்கம். இப்போது அங்கே கிடக்கும் அந்தத் தகரப் பெட்டியின் அடியில் பதினான்கு வருடத்துக் கட்டு ஒன்று மட்டும் கிடந்தது. வெள்ளை நூல். இரட்டைச் சுற்று. அந்த முடிச்சை இந்த மெய்ப்பு அறையில் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அன்றைக்கே உங்களுக்குத் தெரியும். பெட்டியைத் திறந்து நின்ற அந்த நிமிடமே தெரியும். தெரிந்தும் பதினான்கு வருடம் எனக்கு எதிரே உட்கார்ந்து, என் கூடத் தாளம் போட்டு, என் மகள் கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றீர்கள். நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தீர்களா? இல்லை, போகட்டும் என்று விட்டுவிட்டீர்களா? எது என்றாலும் எனக்குத் தலை நிமிரவில்லை.

போன புதன்கிழமை தேநீர் நேரத்தில் உங்களிடம் மெல்ல ஆரம்பித்தேன். "அக்கா, அந்தப் பழைய கட்டு..." என்றேன். நீங்கள் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மடல எழுதுங்க பைண்டர். தேதியெல்லாம் சரியா போடுங்க," என்றீர்கள். நீங்கள் சொன்னபடியே எல்லாத் தேதியையும் சரியாகப் போட்டிருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமையின் தேதியும் மேலாளரிடம் கொடுக்கும் படியில் இருக்கிறது.

நேற்று இரண்டு பேரிடம் இதை வாசித்துக் காட்டினேன். முதலில் என் மனைவியிடம். முழுவதும் கேட்டுவிட்டு, "இத்தன வருஷத்துல என்கிட்ட கூட ஒரு வார்த்த சொல்லலியே!" என்றாள். பிறகு சேலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போய் வாசிச்சுட்டு வாங்க. நம்ம சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்," என்றாள். அடுத்து, எதைச் சொன்னாலும் "நிஜமாவா?" என்று கேட்பதால் சந்தேகம் சார் என்று பெயர் வாங்கிய எங்கள் சக ஊழியரிடம். அவர் இதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "நாங்க எங்க கையெழுத்துப் போடணும்?" என்று மட்டும் கேட்டார்.

நாளைக் காலை முதல் அக்காவின் இடத்தில் நான் அமர வேண்டும் என்று ஆணை வந்திருக்கிறது. அது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த வரி யாருடையதோ அவருடைய பதிவேட்டுக்குப் போகட்டும். எனக்கு இன்னும் ஆறு வருடம் வேலை இருக்கிறது. அதையும் சுமந்துகொண்டே வேலை செய்வேன், அது ஒன்றும் என்னைக் கொன்றுவிடாது. அக்கா, உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள் என்று தெரியும், அதனால்தான் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். மன்னித்துவிடுங்கள்.

எங்கள் மெய்ப்பறையின் மேன்மையே! நோய் அண்டாமல், நோவு தீண்டாமல், நேரத்துக்கு உண்டு, நினைத்தபோது உறங்கி, பிடித்த புத்தகத்தைப் பிழை தேடாமல் படித்து, பேரப்பிள்ளைகளோடு பேசிச் சிரித்து, மாமாவின் தையல் எந்திரத்தோடு போட்டி போட்டுத் தாளம் தட்டி, பல்லாண்டு பல்லாண்டு நலமோடு வாழ நாங்கள் அனைவரும் நெஞ்சார வாழ்த்துகிறோம்!

மேலாளர் அவர்களே, நீங்கள் இங்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. இந்தக் கதை எதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான் சொல்வதை நம்பவும் வேண்டாம். அந்தக் கட்டு உங்கள் முன்னால் மேசை மேல் இருக்கிறது. பதினான்கு வருடமாக யாரும் அவிழ்க்கவில்லை. நீங்களே அவிழ்த்துப் பாருங்கள். உள்ளே ஒரு பென்சில் கோடாவது இருந்தால் நான் சொன்னது பொய். சிவப்பு மை மட்டும் இருந்தால், பணிவிடுவிப்பு ஆணையை அப்படி ஓரமாக வைத்துவிட்டு முதலில் இந்த மடலில் கையெழுத்திடுங்கள். அதற்காகத்தான் மடலை மாட்டியிருக்கும் மரச்சட்டத்துக்கு இன்னும் கண்ணாடி போடாமல் வைத்திருக்கிறோம்.

இங்ஙனம்,
கட்டுகளை மாற்றிக் கட்டிய பைண்டர்

பாராட்டில் பங்குகொண்டும், மேலே சொன்னதற்குச் சாட்சியாகவும் கையெழுத்திடும் மெய்ப்புப் பிரிவுப் பணியாளர்கள் ஐவர்

பெறப்பட்டது. கட்டு அனைவர் முன்னிலையிலும் அவிழ்க்கப்பட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களிலும் பென்சில் குறி ஏதுமில்லை. பணிப்பதிவேட்டிலிருந்து அந்த வரி நீக்கப்படுகிறது. பணிவிடுவிப்பு ஆணையில் 'துணை' என்ற சொல் அடிக்கப்பட்டு, 'தலைமை மெய்ப்பாளர்' எனத் திருத்தப்பட்டது.
மேலாளர், மாலை 5.26